கட்டம் நிரம்பியது, வாய் திறக்கவில்லை

(ஜவ்வாது மலை, ஜமுனாமரத்தூர் பகுதித் தொடக்க, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் கலந்துகொண்ட குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பேசத் தொடங்கும் முன் உங்கள் எல்லோருக்கும் ஒரு பயிற்சித் தாள் கொடுத்தேன். ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டீர்கள். தாளில் ஐந்து படங்கள்: மேசை, பறவை, தண்ணீர், பூனை, மீன். ஒவ்வொரு படத்துக்குக் கீழும் சில காலிக் கட்டங்கள். தாளின் மேற்பகுதியில் ஐந்து பிரெஞ்சுச் சொற்கள். பொருத்தமான சொல்லைக் கட்டங்களில் எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை.

திருத்திப் பார்த்தேன். அநேகமாக எல்லோருக்கும் ஐந்துக்கு ஐந்து. உங்களில் எத்தனை பேருக்குப் பிரெஞ்சு தெரியும் என்று கேட்டேன். ஒரு கை கூட உயரவில்லை. அப்படியானால் எப்படிச் சரியாக எழுதினீர்கள்? பின்வரிசையிலிருந்து ஓர் ஆசிரியர் உண்மையைச் சொன்னார்: "கட்டத்தை எண்ணினேன் மேடம். மூணு கட்டத்துக்கு மூணு எழுத்துச் சொல் ஒண்ணுதான் இருந்துச்சு."

பிறகு அந்தச் சொற்களை வாய்விட்டுச் சொல்லச் சொன்னேன். மேசைக்கு உரிய சொல் ஆங்கிலத்தில் உள்ள அதே ஐந்து எழுத்துகள். "டேபிள்" என்றீர்கள். பிரெஞ்சில் அது ஏறத்தாழ "தாப்ல்". பூனைக்கு உரியதை "சாட்" என்றீர்கள், செல்பேசியின் பழக்கம்! அது "ஷா". கடைசி எழுத்து வாயில் வருவதே இல்லை. தண்ணீருக்கு இ, ஏ, யூ என்று மூன்று எழுத்துகள். சொல்லும்போது "ஓ" என்று ஒரே ஓசை. பறவைக்கு ஓ, ஐ, எஸ், இ, ஏ, யூ என ஆறு எழுத்துகள். சொல்வது "வாஸோ". மீனைச் சொல்லிப் பார்க்க யாருமே முன்வரவில்லை.

ஐந்துக்கு ஐந்து வாங்கிய நமக்கு ஒரு சொல் கூடச் சொல்லத் தெரியவில்லை. சொல்லக் கேட்டாலும் புரியாது. நாளைக்கே எழுத்தும் மறந்துபோகும். ஆனால் தாள் நிரம்பியிருக்கிறது. சிவப்பு மையில் சரிக்குறியும் இருக்கிறது.

இதை உங்களைச் சங்கடப்படுத்தச் செய்யவில்லை. நான் பட்ட சங்கடத்தைப் பகிர்ந்துகொள்ளச் செய்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் ஐந்தாம் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஆங்கிலப் பயிற்சித் தாள் எதைக் கொடுத்தாலும் முதலில் முடிப்பவள் அவள்தான். அவளுடைய தாள்களைக் கோத்து வைத்து, பெற்றோர் கூட்டத்தில் எல்லோருக்கும் காட்டுவேன். அந்த ஆண்டு பிள்ளைகளைக் காவலூர் வானாய்வகத்துக்கு அழைத்துச் சென்றோம். நம் மலையிலேயே இருக்கிறது. 1986இல் அங்கே அமைந்த 2.34 மீட்டர் தொலைநோக்கியைப் பற்றி ஒரு வாரம் பேசித் தயார் செ்து கூட்டிப் போயிருந்தேன். வடமாநிலத்திலிருந்து சுற்றிப் பார்க்க வந்திருந்த ஓர் அம்மா, வரிசையில் முன்னால் நின்ற அவளிடம் குனிந்து, "வாட் இஸ் யுவர் நேம்?" என்று கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு பையைத் திறந்து நோட்டை எடுத்தாள். "மை நேம் இஸ்" என்று எழுதியிருந்த பக்கத்தைத் தேடி எடுத்து, அந்த அம்மாவிடம் நீட்டினாள்.

அந்த அம்மா சிரித்துக்கொண்டே அவள் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். எனக்குத்தான் தொண்டை அடைத்தது. திரும்பி வரும்போது, "ஏம்மா, உனக்குத்தான் தெரியுமே, சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டேன். அவள் சொன்னாள்: "எழுதத் தெரியும் டீச்சர். சொல்லிப் பாத்ததே இல்ல."

அவள் சொன்னது முழு உண்மை. ஓராண்டு முழுக்க அவள் அந்த வாக்கியத்தை எத்தனையோ முறை எழுதியிருந்தாள். ஒரு முறை கூட யாரிடமும் சொன்னதில்லை. சொல்லும்படி நான் கேட்டதுமில்லை.

ஏன் கேட்கவில்லை? இங்கே நமக்குள் பேசுவதால் ஒளிக்காமல் சொல்கிறேன். ஒரே அறையில் பல வகுப்புகள். ஒரு வகுப்புக்குக் கணக்கு நடத்தும்போது மற்றவர்கள் அமைதியாக இருக்க வேண்டும். அதற்கு நான் கண்ட வழி பயிற்சித் தாள். மொழி கற்பிக்கத் தாள் கொடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் சத்தம் வராமல் இருக்கத்தான் கொடுத்தேன். மொழியோ சத்தத்தால்தான் வரும்.

எனக்கே இந்த அனுபவம் உண்டு. கல்லூரியில் பிரெஞ்சை ஒரு பாடமாக எடுத்துப் படித்தேன். நல்ல மதிப்பெண். நம் மாநிலத்தில் மதிப்பெண்ணுக்காகவே பிரெஞ்சைத் தேர்ந்தெடுக்கும் மாணவர்கள் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். நானும் அவர்களில் ஒருத்தி. பின்னொரு நாள் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் ஒரு பிரெஞ்சுக்காரர் என்னிடம் வழி கேட்டார். கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லியிருந்தால் நிரப்பியிருப்பேன். கையைக் காட்டிவிட்டு நடந்தேன்.

சரி, தாள் எங்கே உதவுகிறது, எங்கே உதவவில்லை என்று பார்ப்போம். இதற்குப் பிற மொழிகளைக் கொஞ்சம் ஒப்பிட வேண்டும்.

ஸ்பானிய மொழியில் அ, எ, இ, ஒ, உ என்று ஐந்து உயிரோசைகள். எழுத்தைப் பார்த்தால் ஓசை தெரிந்துவிடும், பெரும்பாலும் மாறாது. மேசைக்கு அவர்கள் சொல் "மேசா". எழுத்துக் கூட்டிப் படித்தாலே சரியாக வரும். ஆகவே ஸ்பானிய மொழி தொடங்கும் குழந்தைக்குத் தாள் ஓரளவுக்குத் தானே வழிகாட்டும். பிரெஞ்சு அப்படியல்ல என்பதை இப்போதுதான் பார்த்தோம். எழுதுவது ஒன்று, சொல்வது வேறொன்று. காதால் கேட்காமல் தாளில் பார்த்தால் தவறாகத்தான் பதியும்.

நம் தமிழ் எழுத்து இந்த வகையில் ஸ்பானிய மொழிக்குப் பக்கம். கசடதபற இடத்துக்கேற்ப ஒலி மாறினாலும், எழுத்துக் கூட்டத் தெரிந்த பிள்ளை எந்தச் சொல்லையும் படித்துவிடும். ஆங்கிலமோ பிரெஞ்சுக்குப் பக்கம். தமிழில் எழுத்தை நம்பிப் பழகிய குழந்தை ஆங்கிலத் தாளைப் பார்க்கும்போது அதே நம்பிக்கையோடு படிக்கிறது, ஏமாறுகிறது. நாம் "கவனமில்லை" என்கிறோம். குழந்தை கவனமாகத்தான் இருக்கிறது. இந்த மொழியில் எழுத்து ஓசையைக் காட்டிக் கொடுக்காது என்று நாம்தான் சொல்லித் தரவில்லை.

தமிழகப் பள்ளிகளில் 1968 முதல் இருமொழிக் கொள்கை. எனவே நம் பிள்ளைகள் சந்திக்கும் புது மொழி ஆங்கிலம். ஆனால் இந்த மலையில் முதல் வகுப்புக்கு வரும் குழந்தைக்குப் பாடநூல் தமிழே பாதி புதியது. வீட்டில் பேசும் தமிழ் ஒன்று, நூலில் இருக்கும் தமிழ் இன்னொன்று. அதனால் நான் சொல்லப்போவது ஆங்கிலத்துக்கு மட்டுமல்ல, முதல் வகுப்புத் தமிழுக்கும் பொருந்தும்.

ஒரு மொழிச்சொல் இன்னொரு மொழிக்காரர் வாய்க்கு எப்படிப் போகிறது? நம் வகுப்பறையைச் சுற்றிப் பாருங்கள். ஜன்னல், அலமாரி, சாவி, மேசை. நான்கும் போர்ச்சுகீசியரிடமிருந்து தமிழுக்கு வந்தவை. யாரும் தாளில் எழுதிப் படித்து இவற்றைக் கற்கவில்லை. பொருளைக் காட்டினார்கள், பெயரைச் சொன்னார்கள், கேட்டவர்கள் தங்கள் வாய்க்கு வந்தபடி திருப்பிச் சொன்னார்கள். அதேபோல நம் கட்டுமரம் பிரெஞ்சிலும் ஸ்பானிய மொழியிலும் "கத்தமரான்" என்று ஆகியிருக்கிறது. காதும் வாயும் செய்த வேலை அது.

அதற்காகத் தாள்களைத் தூக்கி எறியுங்கள் என்று சொல்ல வரவில்லை. 2007இல் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுவதும் பரவியபோது அட்டைகளும் ஏணிப்படிகளும் வந்தன. 2022இல் எண்ணும் எழுத்தும் வந்தபோது அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளுக்கேற்பப் பயிற்சி நூல்கள் வந்தன. பாடலும் கதையும் விளையாட்டும் அவற்றோடு சேர்ந்தே வந்தன. நாம்தான் நேரமில்லை என்று பாடலைத் தாண்டிப் பக்கத்துக்குப் போய்விடுகிறோம். குறை தாளில் இல்லை, தாள் எப்போது கைக்கு வருகிறது என்பதில் இருக்கிறது.

இந்த இடத்தில் என்.எஸ்.பிரபுவைக் குறிப்பிட வேண்டும். 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை உள்ளிட்ட தென்னிந்திய ஊர்களின் சாதாரணப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிக்க ஒரு புதிய முறையை அவர் செய்து பார்த்தார். ரயில் நேர அட்டவணை, வரைபடம் போன்றவற்றை வைத்து மாணவர்களுக்குச் சிறு சிறு பணிகள் கொடுப்பது அவர் முறை. உலகெங்கும் மொழியாசிரியர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். அதில் நமக்கு வேண்டிய செய்தி ஒன்றுதான். எந்தத் தாளையும் மாணவரிடம் நேரே கொடுப்பதில்லை. அதே போன்ற ஒரு பணியை ஆசிரியர் முதலில் முழு வகுப்போடும் வாய்மொழியாகச் செய்வார். கேள்வி கேட்பார், பதில் வாங்குவார், தவறினால் வேறு விதமாகக் கேட்பார். அது முடிந்த பிறகே மாணவர் தனியாகச் செய்யத் தாள் வரும்.

காவலூரிலிருந்து திரும்பிய பிறகு நான் செய்த மாற்றமும் இதுதான். முதலில் காது, அடுத்து உடல், அடுத்து வாய், கடைசியில் தாள். நான்கு வகைத் தாள்களைச் சொல்கிறேன். எல்லாம் உங்களால் நாளைக்கே செய்யக்கூடியவை.

முதலாவது, கேட்டுச் செய்யும் தாள். அதற்கு முன் பத்து நிமிடம் தாளே கிடையாது. "ஸ்டாண்ட் அப், டச் தி டோர், வாக் டு தி விண்டோ" என்று நான் சொல்ல, பிள்ளைகள் செய்வார்கள். பேச வேண்டியதில்லை, செய்தால் போதும். 1960களில் ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் இந்த முறையை வலியுறுத்தினார். ஸ்பானிய மொழியும் பிரெஞ்சும் தொடங்கும் குழந்தைகளுக்குப் பல நாடுகளில் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். பிறகு படங்கள் மட்டும் உள்ள ஒரு தாள். "கலர் தி பேர்ட் கிரீன்" என்று நான் சொல்வதைக் கேட்டு வண்ணம் தீட்ட வேண்டும். தாளில் ஓர் எழுத்தும் இல்லை. எண்ணுவதற்குக் கட்டமும் இல்லை. காது கேட்டால்தான் நிரப்ப முடியும்.

இரண்டாவது, கேட்டு நிரப்பும் தாள். இடப்பக்கம் பலா, தேன், சாமைச் சோறு, சீத்தாப்பழம் என்று நான்கு படங்கள். மேலே ஐந்து நண்பர்களின் பெயர் எழுத இடம். "டூ யூ லைக் ஹனி?" என்று ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டு, ஆம் என்றால் ஒரு குறி. ஒரு தாளை முடிக்க ஒரு பிள்ளை இருபது முறை கேள்வி கேட்க வேண்டும், இருபது முறை பதில் கேட்க வேண்டும். தேன் பிடிக்காது என்று இந்த மலையில் ஒருவன் சொன்னால் வகுப்பே சிரிக்கும். அந்தச் சிரிப்பும் பாடம்தான், ஏனென்றால் பதில் புரிந்ததால் சிரித்தார்கள்.

மூன்றாவது, பாதித் தாள். ஒரே வீட்டின் படம் இருவரிடமும் இருக்கும். ஒருவர் தாளில் பூனை மேசைக்குக் கீழே. மற்றவர் தாளில் பூனையே இல்லை. இவர் "வேர் இஸ் தி கேட்?" என்று கேட்க வேண்டும். அவர் சொல்வதைக் கேட்டு வரைய வேண்டும். முடிந்ததும் இரண்டு தாளையும் சேர்த்து வைத்துப் பார்ப்பார்கள். நான் திருத்த வேண்டிய வேலையே இல்லை. பிள்ளைகளே திருத்திக்கொள்வார்கள்.

நான்காவது, வீட்டுக்குப் போகும் தாள். நம் பெற்றோரில் பலருக்கு எழுதப் படிக்க வராது என்பதால் வீட்டுப் பாடம் வேண்டாம் என்று விட்டுவிடுகிறோம். என் தாளில் ஐந்து படங்கள் இருக்கும். பிள்ளை ஒவ்வொன்றின் ஆங்கிலப் பெயரையும் அம்மாவிடமோ பாட்டியிடமோ சொல்லிக் காட்ட வேண்டும். கேட்டவர் அந்தப் படத்துக்குப் பக்கத்தில் ஒரு கோடு போட வேண்டும். கோடு போட எழுத்து வேண்டாமே! ஒரு பாட்டி பள்ளிக்கே வந்து, "டீச்சர், புள்ள ராத்திரியெல்லாம் காக்காவுக்கு இங்கிலீசுல பேர் சொல்லுது" என்றார். அன்று எனக்குக் கிடைத்த மகிழ்ச்சிக்கு ஈடு இல்லை.

"தாள் அச்சடிக்கப் பணம்?" என்று கேட்பீர்கள். ஒரு ஏ-ஃபோர் தாளை நான்காக வெட்டினால் நான்கு பேருக்கு ஆகும். மழைக்காலத்தில் மின்சாரம் போனால் அதுவும் இல்லை. அப்போது நான் கரும்பலகையில் வரைவேன், பிள்ளைகள் தரையில் சாக்குக்கட்டியால் வரைந்துகொள்வார்கள்.

"சத்தம்?" ஆமாம், சத்தம் வரும். பல வகுப்புகள் சேர்ந்த அறையில் இது பெரிய சிக்கல். பேச்சுப் பணி நடக்கும் குழுவை வராந்தாவுக்கோ மரத்தடிக்கோ அனுப்பிவிடுவேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருவரை மூன்றாம் வகுப்புக்குக் கேள்வி கேட்பவராக வைப்பேன். கேள்வி கேட்டே பெரிய பிள்ளைக்கும் மொழி வந்துவிடுகிறது.

"பார்வையிட வருபவர்கள் தாளைத்தானே பார்ப்பார்கள்?" இது நம் எல்லோர் மனத்திலும் இருக்கும் கேள்வி. எழுதியது கண்ணுக்குத் தெரியும், பேசியது காற்றில் போய்விடும். அதற்கு நான் ஒரு சின்ன வழி வைத்திருக்கிறேன். எழுத்துக்குச் சிவப்பு மையில் சரிக்குறி. அதே தாளில் உள்ளதைப் பிள்ளை பார்க்காமல் வாய்விட்டுச் சொன்னால், தாளின் மூலையில் பச்சை மையில் ஒரு புள்ளி. பச்சைப் புள்ளி இல்லாத தாள் முடிந்த தாள் இல்லை. பார்வைக்கு வந்த ஓர் அலுவலர் அந்தப் புள்ளி என்ன என்று கேட்டார். சொன்னேன். அவர் தாளை மூடிவிட்டு, பிள்ளையிடம் பேச ஆரம்பித்தார். அதுதானே நமக்கு வேண்டும்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். சில பிள்ளைகள் மாதக்கணக்கில் வாய் திறப்பதில்லை. அவர்களை நான் வற்புறுத்துவதில்லை. கேட்டு வண்ணம் தீட்டும் தாள் அவர்களுக்குப் புகலிடம். பேசாமலே "எனக்குப் புரிகிறது" என்று காட்டிக்கொள்ள அது இடம் தருகிறது. வேலைக்காகப் பெற்றோருடன் வெளியூர் போய், சில மாதம் கழித்துத் திரும்பும் பிள்ளைகளுக்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. பச்சைப் புள்ளிகள் சிவப்புக் குறிகளைவிட இன்னும் குறைவாகத்தான் இருக்கின்றன. ஆனால் யாருக்கு எது வரவில்லை என்று இப்போது எனக்குத் தெரிகிறது. முன்பு தெரியாது. நிரம்பிய கட்டங்கள் அதை மறைத்துவிட்டன.

உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். எங்களிடமிருந்து ஆறாம் வகுப்புக்கு வரும் பிள்ளையை முதல் நாளே எழுத வைத்து எடை போடாதீர்கள். பேச வையுங்கள், தவறாகப் பேசட்டும். தவறாகவாவது பேசும் பிள்ளையைத் திருத்தலாம். எழுதிக் காட்டிவிட்டு ஒதுங்கும் பிள்ளையிடம் திருத்த எதுவும் கிடைக்காது.

அந்த மாணவியைப் பற்றி ஒரு வார்த்தை. ஐந்தாம் வகுப்பு முடித்து உண்டு உறைவிடப் பள்ளிக்குப் போனாள். அவளுக்கு நான் செய்யத் தவறியதை அடுத்து வந்தவர்களுக்குச் செய்கிறேன். விடுமுறையில் ஒரு நாள் பள்ளிப் பக்கம் வந்தவள், நான் தைத்து வைத்திருக்கும் தாள்களைப் புரட்டிப் பார்த்தாள். மூலையில் இருந்த புள்ளியைத் தொட்டு, "எங்களுக்கு இது இல்லையே டீச்சர்" என்றாள். இல்லைதான். அவளை உட்கார வைத்து, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பெயர் கேட்கச் சொன்னேன். பன்னிரண்டு பிள்ளைகளிடம் கேட்டாள். பன்னிரண்டு பேரும் திருப்பி அவள் பெயரைக் கேட்டார்கள். பன்னிரண்டு முறையும் பதில் சொன்னாள்.

இப்போது உங்கள் கையில் இருக்கும் பிரெஞ்சுத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை ஒரு தாளை வகுப்பில் கொடுக்கும் முன் அதை எடுத்துப் பாருங்கள். "இந்தத் தாளை வாய் திறக்காமலே நிரப்பிவிட முடியுமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். முடியும் என்றால், அந்தத் தாளைப் பத்து நிமிடம் கழித்துக் கொடுங்கள். அந்தப் பத்து நிமிடம் பிள்ளைகளோடு பேசுங்கள்.